ஆயில் தண்ணியாகிவிட்டதா? எந்தச் சூட்டில்?

போன சித்திரையில் பைக்குக்கு ஆயில் மாற்றப் போயிருந்தேன். வீட்டிலிருந்து பட்டறைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். வேலூர் வெயிலில் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும், மெக்கானிக் தம்பி அடியில் ஒரு தட்டை வைத்து டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினார். டீ டிகாஷன் மாதிரி கறுப்பாகச் சளசளவென்று கொட்டியது ஆயில். பிறகு புது டப்பாவைத் திறந்து, மூடியில் கொஞ்சம் ஊற்றிச் சாய்த்துக் காட்டினார். அது தேன் மாதிரி மெல்ல இறங்கியது.

"அண்ணே, நீங்களே பாருங்க. பழசு செத்துப்போச்சு, தண்ணியா ஓடுது. நம்ம ஊர் வெயிலுக்கு இந்த 10டபிள்யூ-30 தாங்காது. திக்கா 20டபிள்யூ-50 ஊத்திடட்டுமா?"

அவர் கண்ணால் பார்த்ததில் பொய் இல்லை. ஒப்பிட்ட விதத்தில்தான் கோளாறு. பழைய ஆயில் அப்போதுதான் இன்ஜினுக்குள்ளிருந்து கொதிக்கக் கொதிக்க வந்தது. புது ஆயில் காலையிலிருந்து அலமாரியில் சும்மா இருந்தது. "தம்பி, ஒரு டம்ளரில் கொஞ்சம் பழசைப் பிடிச்சு ஓரமா வைங்க. செயின், பிரேக் வேலையெல்லாம் முடிச்சிட்டுப் பார்ப்போம்" என்றேன். ஒரு மணி நேரம் கழித்து, சாய்த்து வைத்த தகரத் துண்டின் மேல் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டோம். பழையது ஒரு விரற்கடை முன்னால் போனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

திக்கு, லூசு, தண்ணி என்று ஆயிலைப் பற்றி யார் சொன்னாலும் கூடவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தச் சூட்டில்? டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 எல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில், திக்கு என்றால் என்ன?

விஸ்காசிட்டி என்பதைப் பள்ளிப் புத்தகத்தில் பாகுநிலை என்று படித்திருப்போம். எனக்குப் பிடித்த கலைச்சொற்களில் அது ஒன்று. சொல்லுக்குள்ளேயே பாகு இருக்கிறது. அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அடுப்பில் இருக்கும்போது கரண்டியிலிருந்து ஒழுகி ஓடும் பாகு, இறக்கி வைத்து ஆறினால் கரண்டியை விட்டு வர மறுக்கும். பாகு அதேதான், சூடு மட்டும் இறங்கியிருக்கிறது. வடைச்சட்டியில் ஊற்றும்போது மந்தமாக விழும் கடலை எண்ணெய், காய்ந்த பிறகு சட்டியைச் சாய்த்தால் தண்ணீர் போலச் சுழன்று வருவதும் அதேதான்.

ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதே பாகுநிலை. ஆயில் உலகத்தில் அதைச் சென்டிஸ்டோக் என்ற அலகில் அளக்கிறார்கள். 20 டிகிரி செல்சியஸில் தண்ணீர் ஏறக்குறைய 1. கடலை எண்ணெய் 40 டிகிரியில் 40-ஐ ஒட்டி வரும். விளக்கெண்ணெய் அதே 40 டிகிரியில் 250-ஐ ஒட்டி நிற்கும். கவனியுங்கள், ஒவ்வொரு எண்ணோடும் டிகிரியையும் சொல்லிக்கொண்டே போகிறேன். அதைச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

இன்ஜினுக்கு இந்தப் பாகுநிலை எதற்கு? இன்ஜின் ஓடும்போது, பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டும் அதைச் சுற்றியிருக்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. காரில் அவற்றுக்கு இடையில் உள்ள சந்து தலைமுடியின் பருமனை ஒட்டியது, பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அந்தச் சந்துக்குள் ஆயில் இருக்கிறது. ஷாஃப்ட் சுழலும்போது ஆயிலைத் தன்னோடு இழுத்து, குறுகலான பக்கத்தில் ஆப்பு போலத் திணிக்கிறது. திணிக்கப்பட்ட ஆயில் ஷாஃப்டையே தூக்கிப் பிடிக்கிறது. மழையில் வேகமாகப் போகும் கார் தேங்கிய தண்ணீரின் மேல் ஏறி மிதப்பதைப் பார்த்திருக்கலாம். சாலையில் அது ஆபத்து, பேரிங்கில் அதுதான் உயிர். ஆயில் தேவைக்கு மேல் இளகினால் அந்தப் படலம் கிழிந்து இரும்பு இரும்பைத் தொடும். தேவைக்கு மேல் திக்காக இருந்தால் படலம் கிழியாது, ஆனால் அதைச் சுழற்றவே இன்ஜின் தன் பலத்தில் ஒரு பங்கைச் செலவழிக்கும். அந்தப் பங்கு நம் பெட்ரோலிலிருந்து போகிறது. சந்துகளுக்குள் ஆயில் போய்ச் சேரவும் நேரமாகும்.

திக்காக இருப்பது தரத்துக்கு அடையாளம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செருப்பின் அளவு போலத்தான் இது. எட்டாம் நம்பர் ஏழாம் நம்பரைவிட நல்ல செருப்பு என்று யாரும் சொல்வதில்லை.

டப்பாவில் இருக்கும் எண்கள்

எஸ்ஏஇ என்பது அமெரிக்காவில் 1905-இல் தொடங்கிய வாகனப் பொறியாளர் சங்கம். அவர்கள் 1911-இல் இன்ஜின் ஆயில்களைப் பாகுநிலைப்படி எண் போட்டுப் பிரித்தார்கள். இன்றைக்கு டப்பாவில் பார்ப்பது அந்த வரிசையின் வளர்ந்த வடிவம்தான்.

20டபிள்யூ-40 என்பதை எடுத்துக்கொள்வோம். இதை 20 டிகிரி முதல் 40 டிகிரி வரைக்கான ஆயில் என்று நினைப்பவர்கள் நிறைய. தமிழ்நாட்டின் மார்கழியும் கத்திரியும் கிட்டத்தட்ட அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், இந்தத் தப்புக் கணக்கு நம்மிடம் சரியாகவே தோன்றுகிறது. ஆனால் இந்த எண்கள் டிகிரி இல்லை, அளவுப் பெயர்கள்.

பின்னால் இருக்கும் 40-ஐ முதலில் பார்ப்போம், அதுதான் எளிது. ஆயிலை 100 டிகிரிக்குச் சூடாக்கி அளக்கிறார்கள். 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் வந்தால் அதற்கு 40 என்று பெயர். 9.3 முதல் 12.5 வரை வந்தால் 30. அதற்குக் கீழே 6.9 வரை 20. மேலே 16.3-இலிருந்து 21.9 வரை 50. இன்னும் இளகிய 16, 12, 8 என்ற வகுப்புகளும் பிற்காலத்தில் சேர்ந்திருக்கின்றன. 100 டிகிரி ஏன் என்றால், நன்றாகச் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் ஆயில் இருக்கும் வெப்பம் அதை ஒட்டித்தான். இதோடு இன்னொரு சோதனையும் உண்டு. 150 டிகிரியில், மிகக் குறுகிய சந்துக்குள் மிக வேகமாக அரைபடும்போது ஆயில் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். பேரிங்குக்குள் நடப்பதற்கு ஆய்வகத்தில் செய்யும் ஒத்திகை அது. அந்தச் சோதனையில் குறைந்தபட்ச அளவைத் தொடாத ஆயில் 40 என்ற பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது.

இனி முன்னால் இருக்கும் 20டபிள்யூ. டபிள்யூ என்பது விண்டர், அதாவது குளிர்காலம். எடையைக் குறிக்கும் வெயிட் என்று சிலர் விரித்துச் சொல்வது தவறு. இது முற்றிலும் வேறு அளவுகோல். இந்த 20-க்கும், 0டபிள்யூ-20 என்ற ஆயிலின் கடைசியில் வரும் 20-க்கும் எந்த உறவும் இல்லை. கடுங்குளிரில் ஆயிலை வைத்து, கிராங்க் சுழல்வது போன்ற ஒரு கருவியில் சுழற்றிப் பார்க்கிறார்கள். எத்தனை டிகிரிக் குளிரில் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண்ணிலிருந்து 35-ஐக் கழியுங்கள். 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரி. 10டபிள்யூ என்றால் மைனஸ் 25. 0டபிள்யூ என்றால் மைனஸ் 35. அந்தக் குளிரிலும் சுழற்ற முடிகிற அளவுக்கு ஆயில் இளக்கமாக இருந்தால் அந்தப் பெயர் கிடைக்கும். ஆக, டபிள்யூ எண் சின்னதாக ஆக ஆக ஆயில் அதிகக் குளிரைத் தாங்கும்.

இதற்கு இன்னொரு 5 டிகிரி கீழே போய், ஆயில் பம்ப் அதை உறிஞ்ச முடிகிறதா என்றும் தனியாகப் பார்க்கிறார்கள். சுழல்வது வேறு, உறிஞ்சுவது வேறா என்று கேட்கலாம். மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். திக்காகி மெல்ல விழும் நல்லெண்ணெய் ஒரு ரகம், உறைந்துபோய் விழவே விழாத தேங்காய் எண்ணெய் இன்னொரு ரகம். பெட்ரோலிய ஆயிலிலும் மெழுகு உண்டு. கடுங்குளிரில் அது வலை போலக் கட்டிக்கொண்டால், பம்ப் எவ்வளவு இழுத்தாலும் ஆயில் மேலே ஏறாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டாவது சோதனை.

ஃப்ரீசரில் ஒரு சோதனை

படித்ததோடு நிறுத்த மனமில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே செய்து பார்த்தேன். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்றில் 10டபிள்யூ-30, மற்றதில் 20டபிள்யூ-40. பழைய சைக்கிள் பேரிங்கிலிருந்து இரண்டு சின்ன எஃகுக் குண்டுகள்.

அறை வெப்பத்தில் போட்டபோது இரண்டு குண்டுகளும் நொடியில் அடியைத் தொட்டன. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகு பாட்டில்களை மூடி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஃப்ரீசரில் இரவு முழுக்க வைத்தேன். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். 20டபிள்யூ சோதனை நடக்கும் மைனஸ் 15-ஐவிட அது கொஞ்சம் அதிகக் குளிர், 10டபிள்யூ சோதனையின் மைனஸ் 25 அளவுக்குக் குளிர் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற இந்தக் குளிர் எனக்கு வசதியாக அமைந்தது. காலையில் குண்டுகளைப் போட்டேன். 10டபிள்யூ-30-இல் குண்டு நிதானமாக இறங்கி அடியில் உட்கார்ந்தது. அந்த நேரத்தில் 20டபிள்யூ-40-இல் இருந்த குண்டு பாதி தூரம்கூட இறங்கவில்லை. தேனுக்குள் விழுந்த எறும்பு போல ஆயிலுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் மூடியைக் கழற்றிவிட்டு, குளிர்ச்சி முழுக்கப் போகும்வரை பாட்டில்களை வெளியில் வைத்து, தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் நிறுத்தி மெல்லச் சூடேற்றினேன். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. எஸ்ஏஇ பின் எண்ணை அளக்கும் அதே வெப்பம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. சூடேறிய பாட்டிலைத் துணியால் பிடித்துச் சாய்த்தபோது இரண்டு ஆயிலும் சுடுபால் போலத் தளதளத்தன. எது 30, எது 40 என்று கண்ணை வைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. (செய்து பார்ப்பவர்கள் சூடான ஆயிலைத் தண்ணீருக்குள் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு ஆகாது.)

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் வரும், எனக்கும் இருந்தது. 20டபிள்யூ-40 என்றால் குளிரில் 20, சூட்டில் 40. அப்படியானால் சூடாகும்போது ஆயில் திக்காகிறது என்றுதானே பொருள்? இல்லை. சூடானால் திக்காகும் இன்ஜின் ஆயில் கிடையாது. எல்லா ஆயிலும் சூட்டில் இளகும். 20 ஒரு அளவுகோலின் பெயர், 40 வேறொரு அளவுகோலின் பெயர், அவ்வளவே. உண்மையான எண்களைப் பார்த்தால் விளங்கிவிடும். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் 20டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் 120 சென்டிஸ்டோக்கை ஒட்டியும், 100 டிகிரியில் 14, 15-ஐ ஒட்டியும் இருக்கும். எட்டு மடங்கு சரிவு. 10டபிள்யூ-30 என்றால் 70-இலிருந்து பத்து, பத்தரைக்கு இறங்கும். 0டபிள்யூ-20 என்றால் 45-இலிருந்து எட்டு, எட்டரைக்கு.

இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் இன்னொன்றும் பிடிபடும். தண்ணி மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் பயப்படும் 0டபிள்யூ-20, காலையில் நீங்கள் சாவியைத் திருப்பும்போது, ஓடிச் சூடேறிய 20டபிள்யூ-50 ஆயிலைவிட மூன்று மடங்குக்கு மேல் திக்காக இருக்கிறது. இன்ஜினை வடிவமைப்பவர் கணக்குப் போடுவது அந்தப் பத்து, பதினைந்து சென்டிஸ்டோக்கை வைத்துத்தான். ஆகவே வண்டியைக் கிளப்பும் அந்த முதல் நிமிடங்களில், எந்த ஆயிலாக இருந்தாலும், நம் ஊர் வெப்பத்திலும்கூட, அது தேவைக்கு அதிகத் திக்காகவே இருக்கிறது. கிளப்பியவுடன் ஆக்ஸிலரேட்டரை முறுக்காதே என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். ஆயில் மேலே, வால்வுகளைத் திறக்கும் கேம் வரை ஏறிப் பரவக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்து ஐந்து நிமிடம் உறுமவிட வேண்டியதில்லை. அரை நிமிடம் விட்டுவிட்டு, முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போனால் போதும்.

ஒரே ஆயிலில் இரண்டு எண் எப்படி?

முன்பெல்லாம் ஒற்றை எண் ஆயில்தான். குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி ஊற்றினார்கள். நம் பக்கம் கிணற்று மேட்டு டீசல் இன்ஜின்களுக்கு இன்றும் 30 நம்பர், 40 நம்பர் என்று ஒற்றை எண் ஆயில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஒரே சீரான வேகத்தில் மணிக்கணக்கில் ஓடும் அந்த இன்ஜினுக்கு அது போதும்.

சூட்டுக்கு ஏற்ப ஆயில் எவ்வளவு இளகுகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்ல 1929-இல் டீன், டேவிஸ் என்ற இருவர் ஒரு வழி செய்தார்கள். அப்போது கிடைத்தவற்றில் மிகக் குறைவாக மாறிய பென்சில்வேனியா ஆயிலுக்கு 100 மதிப்பெண், மிக அதிகமாக மாறிய மெக்சிகோ வளைகுடாக் கரை ஆயிலுக்குப் பூஜ்யம். மற்ற ஆயில்களையெல்லாம் இந்த இரண்டோடு ஒப்பிட்டார்கள். விஸ்காசிட்டி இண்டெக்ஸ் என்று இன்றும் புழங்கும் அளவு அதுதான். இன்றைய நல்ல சிந்தெடிக் ஆயில்கள் அந்த நூறைத் தாண்டி 160, 170 என்று வாங்குகின்றன. நூற்றுக்கு நூறு வைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த மதிப்பெண்ணை ஏற்றுவதற்கு ஆயிலில் பாலிமர் கலக்கிறார்கள். நீளமான நூல் போன்ற மூலக்கூறுகள். குளிரில் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும், ஆயிலின் ஓட்டத்தில் அதிகம் குறுக்கிடாது. சூடேறினால் அவிழ்ந்து விரிந்து, ஆயில் ஒரேயடியாக இளகிவிடாமல் பிடித்துக்கொள்ளும். இளகுவதை நிறுத்துவதில்லை, மட்டுப்படுத்துகிறது.

நூல் என்றால் அறுபடும் அல்லவா? இதுவும் அறுபடும். பைக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். கியர் பற்கள் ஒன்றோடொன்று நசுக்கிக்கொள்ளும்போது இடையில் மாட்டிய பாலிமர் இழைகள் துண்டு துண்டாகின்றன. அதனால் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆயில் புதியதைவிடக் கொஞ்சம் இளகியிருக்கும். பட்டறையில் தகரத்தின் மேல் பழைய சொட்டு ஒரு விரற்கடை முந்தியதே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மெக்கானிக் தம்பி பார்த்ததில் அந்த ஒரு விரற்கடை உண்மை. மீதி எல்லாம் சூடு.

நம் ஊர் வெயிலுக்குத் திக்கான ஆயில் வேண்டுமா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். என் பதிலை நேராகச் சொல்கிறேன்: வெயிலைப் பார்த்து ஆயில் எண்ணை ஏற்றாதீர்கள், வண்டிக் கையேட்டைப் பாருங்கள்.

தண்ணீரால் குளிரும் கார் இன்ஜினில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. வெளியே 25 டிகிரியானாலும் 42 டிகிரியானாலும், உள்ளே தண்ணீர் 90 டிகிரியை ஒட்டியே இருக்கும்படி அது பார்த்துக்கொள்கிறது. ஆயிலும் அதைத் தழுவி 90-லிருந்து 110-க்குள் இருக்கும். வெளியில் 15 டிகிரி கூடியதற்காக உள்ளேயும் 15 டிகிரி கூடிவிடுவதில்லை. காற்றால் குளிரும் பைக்கில் கதை கொஞ்சம் வேறு. சிக்னலில் நின்று நின்று போகும்போது அதன் ஆயில் உண்மையிலேயே அதிகம் சூடேறும். ஆனால் அதைச் செய்தவருக்கும் அது தெரியும். நம் சாலைகளிலேயே பாருங்கள், ஆக்டிவா ஸ்கூட்டருக்கு 10டபிள்யூ-30 என்கிறார்கள், 350 சிசி ராயல் என்ஃபீல்டுக்கு 15டபிள்யூ-50 என்கிறார்கள். இரண்டும் காற்றால் குளிர்பவை. இரண்டும் ஒரே கத்திரி வெயிலில், ஒரே சிக்னலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எண் வேறுபடுவதற்குக் காரணம் வெயில் என்றால் இரண்டுக்கும் ஒரே எண்ணல்லவா வர வேண்டும்? பேரிங்கின் வகை, அதன் சந்து, பிஸ்டனின் அளவு, பம்ப்பின் திறன் இவற்றைப் பார்த்துத்தான் எண் முடிவாகிறது.

புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 சொல்கிறார்கள். எரிபொருள் மிச்சம் அதில் ஒரு பெரிய நோக்கம் என்பது உண்மைதான். ஆனால் அந்த இன்ஜின்களின் சந்துகளும் பம்ப்பும் அதற்கேற்பவே அமைக்கப்பட்டிருக்கின்றன. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்புகள் பலவும் ஆயிலின் அழுத்தத்தால்தான் இயங்குகின்றன. அங்கே 20டபிள்யூ-50 ஊற்றினால் இன்ஜின் அன்றைக்கே நின்றுவிடாது. ஆயில் மெதுவாக ஏறும், மைலேஜ் குறையும், அந்த வால்வு அமைப்பு சோம்பலாக வேலை செய்யும். எதிர்ப்பக்கமும் பாருங்கள்: 20டபிள்யூ-50 கேட்கும் பழைய பெரிய இன்ஜினில் 0டபிள்யூ-20 ஊற்றினால், அகலமான சந்துகள் வழியே ஆயில் வழிந்தோடி அழுத்தம் விழுந்துவிடும். இது முந்தையதைவிட மோசமான தவறு.

டபிள்யூ எண்ணைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் பயப்பட எதுவும் இல்லை. உறைபனி விழும் ஊட்டியில்கூடக் குளிர் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். 20டபிள்யூ தாங்கும் மைனஸ் 15 அதற்கு வெகு தூரம். லடாக்கில் திராஸ் போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் மைனஸ் 20-க்கும் கீழே போகும். அங்கே வண்டி வைத்திருப்பவருக்கு டபிள்யூ எண் வாழ்வா சாவா விஷயம். நமக்குச் சின்ன டபிள்யூ எண்ணின் பயன் வேறு: அப்படிப்பட்ட ஆயில் நம் சாதாரணக் காலை நேரத்திலும் கொஞ்சம் இளக்கமாக இருந்து, மேலே சீக்கிரம் ஏறிவிடும்.

சில கையேடுகளில் ஒரே வண்டிக்கு இரண்டு, மூன்று எண்களைப் போட்டு, பக்கத்தில் வெளி வெப்பத்தின் அட்டவணையும் கொடுத்திருப்பார்கள். அங்கேதான் நமக்குத் தேர்வு உண்டு. சுமை ஏற்றி மலை ஏறுபவர், நாள் முழுக்க நெரிசலில் ஓட்டுபவர், அதில் பெரிய பின் எண்ணை எடுக்கலாம். லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, ஆயில் குடிக்கத் தொடங்கிய இன்ஜினுக்கும் அப்படியே. அது வைத்தியம் இல்லை. தேய்ந்த பிஸ்டன் ரிங் மறுபடி வளராது. இன்ஜின் வேலைக்குக் காசு சேரும்வரை ஒரு தாங்கல், அவ்வளவுதான்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு எண்ணைத் தவிர இன்னொரு எழுத்தும் முக்கியம். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலில்தான் நனைந்துகொண்டிருக்கின்றன. அதற்கு ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 குறியீடு போட்ட ஆயில் வேண்டும். கியரில்லாத ஸ்கூட்டருக்கு எம்பி. கார் ஆயில் மலிவாகக் கிடைக்கிறதே, எண்ணும் ஒன்றுதானே என்று பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு.

விரலில் தேய்த்துப் பார்ப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஒரு சொட்டு எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உருட்டி, "இன்னும் பிசுக்கு இருக்கு" என்றோ "பிசுக்கே இல்லை" என்றோ தீர்ப்புச் சொல்வார்கள். நரநரவென்று மண்ணோ இரும்புத் தூளோ படுகிறதா என்று பார்க்க அந்த விரல் நல்ல கருவி. பெட்ரோல் வாடை வருகிறதா என்றும் முகர்ந்து பார்க்கலாம். பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும் சின்ன ஓட்டங்களிலேயே காலம் தள்ளும் வண்டியில், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நிஜமாகவே தண்ணியாக்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். ஆனால் விரலின் சூடு 35 டிகிரி. 100 டிகிரியில் அந்த ஆயில் 30-ஆ 40-ஆ என்பது விரலுக்குத் தெரியாது. கறுப்பு நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. கரியை அள்ளித் தன்னிடம் வைத்துக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று, டீசல் வண்டியில் அது மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும்.

விளக்கெண்ணெயை மேலே 40 டிகிரியில் விட்டுவிட்டு வந்தோம். அதை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் 19, 20 சென்டிஸ்டோக்கை ஒட்டி நிற்கும். எஸ்ஏஇ கணக்கில் அது 50-ஆம் எண். முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சுழல் இன்ஜின்களில் ஆமணக்கு எண்ணெயைத்தான் ஊற்றினார்கள், பெட்ரோலில் அது எளிதில் கரையாது என்பதற்காக. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கைக் குறிக்கும் காஸ்டர் என்ற சொல்லிலிருந்து வந்தது. பாகுநிலை பொருந்துகிறதே என்று யாரும் பைக்கில் ஊற்றிவிட வேண்டாம். சூட்டில் அது பிசின் போலக் கட்டிக்கொள்ளும். எண் சரியாக இருந்தால் மட்டும் ஆயில் சரியாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எண்ணோடு, கையேட்டில் சொன்ன ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரக் குறியீட்டையும் டப்பாவில் தேடிப் பார்த்து வாங்க வேண்டும்.

கடைசியாக, வழியில் மாட்டிக்கொள்பவர்களுக்கு. நெடுஞ்சாலையில் டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கிறது, பக்கத்து பங்க்கில் உங்கள் 10டபிள்யூ-30 இல்லை, 20டபிள்யூ-40 மட்டும் இருக்கிறது என்றால், தயங்காமல் அதையே தேவையான அளவு ஊற்றிக்கொண்டு கிளம்புங்கள். இரண்டும் கலந்து நடுவில் ஒரு பாகுநிலைக்கு வரும், தயிராகத் திரிந்துவிடாது. ஆயில் குறைவாக ஓடும் இன்ஜினுக்கு எந்த எண்ணும் உதவாது. ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு, ஆயில் ஏன் குறைந்தது என்று பார்த்துவிட்டு முழுக்க மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கியே இறக்கச் சொல்லுங்கள். சூட்டில் இளகிய ஆயில் அழுக்கையும் அள்ளிக்கொண்டு அடிவரை வடியும்.